உப்புத் தண்ணீரும் என் வீட்டு மெஷின்களும்: 47,350 ரூபாய் போன கதை

2024 ஏப்ரல், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாஷிங் மெஷின் துணி பிழியும் கட்டத்துக்கு வந்ததும், சமையலறையில் நின்ற என் காலடித் தரையே அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மெஷின் இருந்த இடத்திலிருந்து ஒரு சாண் முன்னால் நகர்ந்து வந்து நிற்கிறது. உள்ளேயிருந்து தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போலச் சத்தம். நிறுத்திவிட்டுத் துணியை எடுத்தேன். பையனின் வெள்ளைச் சட்டையில் கறுப்புக் கறுப்பாக எண்ணெய்த் திட்டு.

அன்று தொடங்கியது. ஜூன் முதல் வாரம் வரைக்கும் வாஷிங் மெஷின், கீசர், ஃபிரிட்ஜ் என்று மூன்றும் வரிசையாகப் படுத்தன. கணவருக்கு மஸ்கட்டில் வேலை. மேடவாக்கம் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் நான், எட்டாவது படிக்கும் பையன், தினமும் இன்சுலின் போட்டுக்கொள்ளும் மாமியார் என மூன்று பேர். அலுவலகத்தில் ஆறு அரை நாள் லீவு போனது. கையிலிருந்து போனது 47,350 ரூபாய். எல்லாம் முடிந்த பிறகு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோது, இதில் பெரும் பகுதி போயிருக்கவே வேண்டாம் என்று தெரிந்ததும் அழுகையே வந்துவிட்டது. ஒரே ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் போதும். யாரும் சொல்லவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன்.

முதலில் வாஷிங் மெஷின். 2018 ஆடித் தள்ளுபடியில் வாங்கிய ஃபிரண்ட் லோடு. முன்பக்கம் பெரிதாக ‘10 வருட வாரண்டி’ என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, பத்து வருடத்துக்குக் கவலையில்லை என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்து வருடம் மோட்டாருக்கு மட்டும்தான். மெஷின் முழுமைக்கும் இருந்த வாரண்டி இரண்டே வருடம். அது 2020-லேயே முடிந்திருந்தது. ஃபிரிட்ஜிலும் இதே கதைதான். கம்ப்ரசருக்குப் பத்து வருடம் என்றால் கம்ப்ரசர் என்ற அந்தப் பாகம் மட்டும். பெரும்பாலும் கேஸ், கூலி, வண்டிச் செலவு எல்லாம் நம் தலையில்தான். வீட்டில் இருக்கும் வாரண்டி அட்டையை இன்றைக்கே எடுத்து, எதற்கு எத்தனை வருடம் என்று ஒருமுறை படித்துவிடுங்கள். பழுதான நாளில் படித்தால் என்னைப் போல மனசு உடைந்து போகும்.

அன்று பதற்றத்தில் நான் செய்த தவறுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய நஷ்டம். அந்தக் கம்பெனி பெயரைப் போட்டு ‘சர்வீஸ் சென்டர் சென்னை’ என்று போனில் தேடினேன். முதலில் வந்த எண்ணுக்கு அடித்தேன். “கம்பெனி கஸ்டமர் கேர்தான் மேடம்” என்று மரியாதையாகப் பேசினார்கள். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை வேறு. மேல் மூடியைக் கழற்றி ஐந்து நிமிடம் பார்த்தார். “போர்டு போயிடுச்சு மேடம். கம்பெனிக்கு எடுத்துட்டுப் போய்த்தான் சரி பண்ணணும். 6,800 ஆகும். இப்ப 4,000 அட்வான்ஸ் போட்டுடுங்க.” பார்க்க வந்த கூலி 450 தனி. யூபிஐ-யில் போட்டேன். மெஷினை இயக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு துண்டுச் சீட்டில் தொகையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு நாள் “பார்ட் வரணும் மேடம்” என்றார்கள். மூன்றாவது நாளிலிருந்து போன் ஸ்விட்ச் ஆஃப். அந்தக் கம்பெனிக்கும் இந்த ஆட்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று, பில்லில் இருந்த உண்மையான எண்ணுக்குப் பேசிய பிறகுதான் தெரிந்தது. பில் அலமாரியில் பத்திரமாகத்தான் இருந்தது. எனக்கு எடுத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

இதை யாருக்கும் நடக்க விடாதீர்கள். சர்வீஸ் எண்ணை மெஷினின் பின்பக்க ஸ்டிக்கரிலிருந்தோ, பில்லிலிருந்தோ, வாரண்டி அட்டையிலிருந்தோ எடுத்து இப்போதே போனில் பதிந்து வையுங்கள். தேடலில் மேலே வரும் எண் யாருடையது என்று நமக்குத் தெரியாது. எந்தப் பாகத்தையும் வீட்டை விட்டு வெளியே கொடுப்பதாக இருந்தால், மெஷினின் சீரியல் எண், பாகத்தின் பெயர், தேதி, ஆளின் பெயர் எல்லாம் எழுதிய ஜாப் ஷீட் கையில் வந்த பிறகே கொடுங்கள். கொடுக்கும் முன் பாகத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பணம் ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே 1930-க்குப் பேச வேண்டும். இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால்தான் பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போகும் முன் நிறுத்தி வைக்க வாய்ப்பு. நான் பன்னிரண்டாவது நாள் பேசினேன். புகாரைப் பதிந்துகொண்டார்கள். பணம் வரவில்லை. இன்றுவரை அந்த 4,450 என்னை உறுத்துகிறது, அந்தப் போர்டு அதைவிட அதிகமாக உறுத்துகிறது. ஏன் என்று சொல்கிறேன்.

அந்தப் பன்னிரண்டு நாளும் சின்னத் துணிகளைக் கையில் துவைத்தேன். பெட்ஷீட், ஜீன்ஸ் எல்லாம் லாண்டரிக்குப் போனது. கடைசியில் கீழ் வீட்டு அக்காதான், “எங்க வீட்டுக்கு இருபது வருஷமா ஒருத்தர் வர்றாரு, கூப்பிடவா?” என்று கேட்டார்கள். வந்தவருக்கு அறுபது வயது இருக்கும். போர்டு போன கதையைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. கதவைத் திறந்து, டிரம்மின் மேல் விளிம்பை உள்ளேயிருந்து கையால் மேலும் கீழும் அசைத்தார். டிரம் மட்டும் தனியாகக் கடகடவென்று ஆடியது. “இது போர்டு வேலை இல்லம்மா. பேரிங். அதுக்கும் பின்னாடி என்ன இருக்குன்னு பிரிச்சாத்தான் தெரியும்” என்றார்.

ஹாலில் செய்தித்தாள் விரித்து ஒன்றரை மணி நேரம் பிரித்தார். டிரம்முக்குப் பின்னால், அதைத் தாங்கிப் பிடிக்க மூன்று கை உள்ள ஒரு அலுமினிய வார்ப்பு இருக்கிறது. ஸ்பைடர் என்கிறார்கள். “தொட்டுப் பாரும்மா” என்றார். கை மேல் வெள்ளையாக, சாம்பல் கலந்த மாவு போலப் படிந்திருந்தது. விரலால் அழுத்தினேன். டீயில் ஊறிய ரஸ்க் போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்றில் ஒரு கை ஏற்கனவே ஒடிந்து தொங்கிக்கொண்டிருந்தது. டிரம் சுழலத் தாங்கும் பேரிங்கில் துரு. தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல் கிழிந்து, பேரிங்கின் கிரீஸ்தான் சட்டையில் கறுப்பாக வந்திருக்கிறது. உலோகம் இப்படி மாவாகும் என்று எனக்கு அதுவரை தெரியாது. கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஏன் இப்படி ஆனது என்று அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் சொல்கிறேன். டிரம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஸ்பைடர் அலுமினியம். இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நனைந்தபடி இருந்தால் அலுமினியம்தான் அரிக்கும். எங்கள் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதன் மேல் நான் அளவே பார்க்காமல் சோப்புத் தூளைக் கொட்டினேன். நுரை வரவில்லையே என்று இன்னும் கொஞ்சம் போடுவேன். கடினத் தண்ணீரில் நுரை வராது. கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்ளும். கரையாத தூளும் அழுக்கும் சேர்ந்து டிரம்முக்குப் பின்னால், நம் கண்ணுக்கும் கைக்கும் எட்டாத இடத்தில் பசை போல ஒட்டிக்கொள்கிறது. துவைத்து முடித்ததும் கதவை இறுக்கி மூடிவிடுவேன். அந்த ஈரம் அடுத்த முறை துவைக்கும் வரை காயவே காயாது. கரண்டுக்குப் பயந்து ஆறு வருடத்தில் ஒருமுறைகூடச் சுடுதண்ணீர் சுற்று ஓட்டியதில்லை. இன்னொன்றும் செய்தேன். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரைப் பிடித்து, சோப்பு ஊற்றும் தட்டு வழியாக மெஷினுக்குள் ஊற்றுவேன். நல்ல காரியம் என்று நினைத்துத்தான் செய்தேன். நல்ல தண்ணீரைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. வீடு துடைக்க, கழிவறைக்கு அது போதும். மெஷினுக்கு வேண்டவே வேண்டாம்.

என்னால் மறக்க முடியாதது என்னவென்றால், அந்த மெஷின் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அக்டோபர் வாக்கிலேயே பிழியும்போது ஊய்ய் என்று ஒரு சத்தம் வர ஆரம்பித்துவிட்டது. பழசாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்போதே கூப்பிட்டிருந்தால் பேரிங், சீல் மட்டும் மாற்றி, கூலியோடு மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார். மாதம் ஒருமுறை மெஷினை அணைத்துவிட்டு டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று மணல் அரைப்பது போலக் கேட்டாலோ, மேலும் கீழும் அசைத்தால் டிரம் மட்டும் தனியாக ஆடினாலோ உடனே ஆளைக் கூப்பிடுங்கள். அரை நிமிட வேலை.

அப்போதைய நிலையில் ஸ்பைடரோடு டிரம், பேரிங், சீல், கூலி எல்லாம் சேர்த்து 8,700 ஆகும் என்றார். இன்னும் நாலைந்து வருடம் ஓடும் என்றும் சொன்னார். நான் சரி என்றுதான் சொன்னேன். ஆனால் போர்டு இல்லை! கெட்டே போகாத போர்டு. புதுசு வாங்க வேண்டும் என்றால் இன்னொரு 6,800. அதுவும் அந்தப் பழைய மாடலுக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. 15,500 போட்டு, நாள் தெரியாமல் காத்திருப்பதா? ஒரு ராத்திரி முழுக்க யோசித்துவிட்டுப் புது மெஷின் வாங்கினேன், 33,000. அந்த ஆள் போர்டை எடுத்துக்கொண்டு போகாமல் இருந்திருந்தால் இந்தச் செலவே இல்லை. உறுத்துகிறது என்று சொன்னது இதைத்தான்.

புதுசு வாங்கப் போனபோது இந்த முறை ஒன்று கேட்டேன்: “வெளி டப் போல்ட் போட்டுப் பிரிக்கிற மாதிரியா, ஒட்டியதா?” டிரம்மைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் தொட்டிதான் டப். ஒட்டி வரும் டப்பில் ஒரு பேரிங் போனாலும் முழு டப்பையும் மாற்றச் சொல்வார்கள்; செலவு பல மடங்கு. கடைப் பையனுக்குத் தெரியவில்லை. கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்கவைத்தேன். பத்து நிமிடம் ஆனது. நீங்களும் தயங்காமல் கேட்க வைக்க வேண்டும்.

கீசர் கதை சின்னது, ஆனால் பயந்தது அதில்தான். மெக்கானிக் அண்ணன் வீட்டில் இருக்கும்போதே, “கீசரும் சூடாக லேட்டாகுதுண்ணே, உள்ளே டக் டக்னு சத்தம் வேற வருது” என்றேன். கரண்டை மெயினிலேயே அணைத்துவிட்டு, தண்ணீரை வடித்துக் கழற்றினார். முட்டை ஓட்டுத் துண்டுகள் போல வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்பு அரை வாளி விழுந்தது. கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து, சூடு இருக்கும் இடத்திலேயே படியும். அது படிந்த ஹீட்டர் கம்பி, தடித்த போர்வைக்குள் இருப்பது போலத் தன் சூட்டிலேயே வெந்து போகும். தண்ணீர் சூடாகவும் நேரமாகும். அந்த டக் டக், சுண்ணாம்புக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதித்து வெடிக்கும் சத்தம்.

அப்புறம் ஒரு குச்சியைக் காட்டினார். ஆனோடு ராடு என்று பெயர். மக்னீசியத்தில் செய்தது. டேங்கின் இரும்பைத் தண்ணீர் அரிக்காமல், அதற்குப் பதிலாகத் தான் கரைந்து போவதற்காகவே வைத்திருக்கிறார்கள். என்னுடையதில் நடுக்கம்பி மட்டும்தான் மிச்சம். அது தீர்ந்துவிட்டால் அடுத்து அரிப்பது டேங்கைத்தான். டேங்க் ஓட்டையானால் பழுது பார்க்க வழியில்லை, மாற்றவேண்டியதுதான். சில நூறு ரூபாய்க் குச்சி, பல ஆயிரம் ரூபாய்க் கீசரைக் காப்பாற்றுகிறது. ஆறு வருடத்தில் இப்படி ஒன்று உள்ளே இருக்கிறது என்று ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை. ஹீட்டர் கம்பி, ராடு, கூலி எல்லாம் சேர்த்து 1,850. எங்களைப் போல போர் தண்ணீர் வீடென்றால் வருடம் ஒருமுறை கழற்றிச் சுத்தம் செய்து ராடைப் பார்க்க வேண்டும். சூட்டை 50, 55 டிகிரியில் வைத்தால் சுண்ணாம்பு படிவதும் குறையும், கை சுடும் ஆபத்தும் குறையும். பயந்தது எதற்கென்றால், கீசரின் பிரஷர் வால்வும் சுண்ணாம்பு அடைத்து இறுகிப் போயிருந்தது. உள்ளே அழுத்தம் ஏறினால் வெளியே விடும் முக்கியமான பாதுகாப்பு அது. அதுவே அடைத்துக்கொண்டிருந்த கீசரில்தான் என் பையன் இத்தனை நாள் குளித்துக்கொண்டிருந்தான். அந்த வால்விலிருந்து எப்போதாவது சொட்டுவது இயல்புதான். சொட்டுகிறது என்று யாராவது அதை அடைத்துத் தந்தால் விடாதீர்கள்.

மே மாதம், அக்னி நட்சத்திரம். ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் பால் திரிந்தது. அரைத்து வைத்த மாவு அன்று மாலையே பொங்கி வழிந்தது. ஃபிரீசரில் மட்டும் ஐஸ் அப்படியே இருக்கிறது. மெக்கானிக் அண்ணன் ஊருக்குப் போயிருந்தார். அத்தையின் இன்சுலின் உள்ளே இருந்ததால் என்னால் காத்திருக்க முடியவில்லை. பக்கத்துத் தெருவில் ஒருவரைக் கூப்பிட்டேன். வந்ததும் “கேஸ் போயிடுச்சு” என்றார். ஃபிரிட்ஜை அணைத்து, எல்லாவற்றையும் வெளியே எடுத்துவைத்து, கதவைத் திறந்து போட்டுவிட்டுக் காலையிலிருந்து சாயங்காலம் வரை வேலை செய்தார். 3,200 ரூபாய். ராத்திரி ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்ந்தது. நிம்மதியாகத் தூங்கினேன். பத்தொன்பதாவது நாள் அதே நிலை. ஃபிரீசரில் ஐஸ், கீழே சூடு.

அதற்குள் ஊரிலிருந்து வந்திருந்த அண்ணன், ஃபிரீசரின் உட்பக்கப் பலகையைக் கழற்றினார். குளிரூட்டும் குழாய்ச் சுருள் (காயில்) முழுக்க ஒரு பாறை போலப் பனி இறுகியிருந்தது. குளிரைக் கீழே தள்ளும் ஃபேன் அதற்குள் சிக்கி நின்றுவிட்டது. ஃபிராஸ்ட் ஃப்ரீ ஃபிரிட்ஜில் அந்தப் பனியை அவ்வப்போது உருக்க உள்ளேயே ஒரு ஹீட்டர் உண்டு. அதை இயக்கும் சின்ன சென்சார் போய்விட்டது. பாகமும் கூலியும் சேர்த்து 950 ரூபாய். “அப்படின்னா கேஸ் போட்டதும் எப்படிண்ணே சரியாச்சு?” என்று கேட்டேன். “நாள் பூரா அணைச்சு, கதவைத் திறந்து போட்டாரில்ல? பனி உருகிடுச்சு. மறுபடி கட்ட ரெண்டு, மூணு வாரம் ஆகும். அதான் கணக்கு” என்றார். அந்த 3,200-க்கு நான் வாங்கியது ஒரு நாள் திறந்து வைத்த கதவு மட்டும்தான்.

ஆகவே இதை நினைவில் வையுங்கள். ஃபிரீசர் நன்றாக உறைந்து, கீழ்ப்பக்கம் மட்டும் குளிரவில்லை என்றால் முதலில் ஃபேனையும் பனியையும் பார்க்கச் சொல்லுங்கள். கேஸ் போனால் பொதுவாக ஃபிரீசரும் சேர்ந்தே சோர்ந்துவிடும். உண்மையிலேயே கேஸ்தான் போயிருந்தாலும், எங்கே கசிந்தது, அதை அடைத்தீர்களா என்று கேளுங்கள். கேஸ் மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது, பெட்ரோல் போலத் தீர்ந்து போவதில்லை. கசிவை அடைக்காமல் நிரப்பினால் மறுபடியும் போகும். கழற்றிய பழைய பாகத்தை என்னிடமே கொடுங்கள் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வார்த்தைக்கே வேலை ஒழுங்காக நடப்பதைப் பின்னால் பார்த்தேன்.

இன்சுலின் வீணானது 1,700 ரூபாய்க்கு. பணத்தைவிட, கெட்டுப்போனதையே அத்தைக்குப் போட்டிருப்பேனோ என்ற பயம்தான் ஒரு வாரம் தூங்க விடவில்லை. பிரிக்காத இன்சுலின் 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வீட்டில் இன்சுலின் இருந்தால் ஃபிரிட்ஜுக்குள் ஒரு சின்ன வெப்பமானி போட்டு வையுங்கள். மருந்துக் கடையில் கேட்டபோது, அவசரத்துக்கு ஈர மணல் நிரப்பிய மண்பானைக்குள் டப்பாவில் வைத்து நிழலில் வைக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை ஃபிரிட்ஜ் நின்றபோது அப்படித்தான் சமாளித்தேன். அத்தையே தினமும் காலையில் மணலில் தண்ணீர் தெளித்தார்கள்.

ஃபிரிட்ஜுக்கு என்று நான் இப்போது செய்வது அதிகமில்லை. சுவரோடு ஒட்டி வைத்திருந்ததை நாலு விரற்கடை முன்னால் நகர்த்தினேன். பின்பக்கமும் அடியிலும் படியும் தூசியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரஷ்ஷால் தட்டுகிறேன். சூடு வெளியேற வழியில்லை என்றால் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். கதவு ரப்பரில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பேன். சுலபமாக உருவி வந்தால் ரப்பர் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்தால் பலமுறை அதுவே சரியாகிவிடும். கரண்டு போய் உடனே வந்தால் மூன்று நிமிடமாவது பொறுத்துத்தான் ஃபிரிட்ஜைப் போடுகிறேன்; உள் அழுத்தம் சமமாகும் முன் கம்ப்ரசர் கிளம்பத் திணறும். வோல்டேஜைச் சீராக்கும் ஸ்டெபிலைசர்கள் பலவற்றில் இந்தக் காத்திருப்பு தானாகவே இருக்கும். எங்கள் பகுதியில் கோடை இரவுகளில் வோல்டேஜ் விழுந்து, விளக்குகள் மங்கும். அதனால் ஸ்டெபிலைசரைக் கழற்றாமல் அப்படியே வைத்திருக்கிறேன். இன்னொன்று, ஃபிரிட்ஜையும் மிக்ஸியையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்தேன். அண்ணன் பிளக்கை உருவிக் காட்டியபோது ஒரு கால் கறுத்துப் போயிருந்தது. உங்கள் வீட்டில் பிளக்குகளின் மேல்பக்கத்தை அவ்வப்போது தொட்டுப் பாருங்கள். சுட்டால் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.

புது வாஷிங் மெஷினுக்குத்தான் அதிகம் செய்கிறேன். முதல் வேலையாக ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன், 250 ரூபாய். எங்கள் போர் தண்ணீர் 1,380 காட்டியது. டி.டி.எஸ். என்பது கரைந்திருக்கும் எல்லா உப்புக்கும் சேர்ந்த கணக்கு, கடினத்தன்மை அதில் ஒரு பகுதிதான். ஆனாலும் நிலைமை புரிந்துவிட்டது. மெஷினுக்குப் போகும் குழாயில் மட்டும் ஒரு சின்ன சாஃப்ட்னர் (தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் கருவி) வைத்தேன், 4,200 ரூபாய். உள்ளே இருக்கும் ரெசின், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்புக் கரைசல் ஊற்றினால் மறுபடி புதுசு போல வேலை செய்யும். நுரை வரும் வித்தியாசம் முதல் நாளே தெரிந்தது, சோப்புச் செலவும் ஏறக்குறைய பாதியானது. தூளை விட்டுவிட்டு ஃபிரண்ட் லோடுக்கான திரவச் சோப்பை மூடியால் அளந்து ஊற்றுகிறேன். மாதம் ஒருமுறை துணியில்லாமல் சுண்ணாம்புப் படிவை நீக்கும் டிஸ்கேலிங் பவுடர் போட்டுச் சூடான சுற்று. துவைத்ததும் கதவு ரப்பரின் மடிப்பைத் துடைத்து, கதவையும் சோப்புத் தட்டையும் திறந்தே வைக்கிறேன். அடிப்பக்க ஃபில்டரைத் திறந்து சுத்தம் செய்வது பையன் வேலை. முதல் மாதமே இரண்டு ரூபாய் நாணயம், ஹேர்பின், சட்டைப் பித்தான் எல்லாம் எடுத்தான். குழாய் வந்து சேரும் இடத்தில் ஒரு சின்ன வலை இருக்கும். அதில் மண் அடைத்தாலும் தண்ணீர் வராது. அதற்கே 500 ரூபாய் கொடுத்து ஆள் கூப்பிட்டவர்களை எனக்குத் தெரியும். மெஷினின் அடி திறந்திருந்தால் எலி நுழையாதபடி ஒரு கம்பி வலை வாங்கிப் பொருத்துங்கள். போர்டில் பல்லி விழுந்து கருகியதைப் பார்க்காத மெக்கானிக்கே நம் ஊரில் இருக்கமாட்டார்.

எது எத்தனை வருடம் வரும் என்று அண்ணனிடம் கேட்டேன். அவர் அனுபவத்தில், தண்ணீர் நன்றாக இருந்தால் ஃபிரண்ட் லோடு பத்து வருடம், எங்கள் தண்ணீருக்குப் பராமரிக்காவிட்டால் ஆறு. கீசர், ராடு மாற்றிக்கொண்டே இருந்தால் பத்து, விட்டுவிட்டால் ஐந்து. ஃபிரிட்ஜ் பன்னிரண்டு, பதினைந்து. இன்வெர்ட்டர் பேட்டரி நாலைந்து வருடம், அதுவும் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றினால், ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கிறது, அது ஆகாது. பழுது பார்ப்பதா, புதுசா என்ற கேள்விக்கு நான் பின்பற்றுவது இதுதான்: மெஷின் அதன் ஆயுளில் பாதியைத் தாண்டியிருந்து, பழுதுச் செலவும் புதுசின் பாதி விலையைத் தாண்டினால் புதுசு. மற்ற எல்லா நேரமும் பழுதுதான். அதையும் அன்றைக்கே முடிவு செய்வதில்லை. முதல் ஆள் என்ன சொன்னாலும், “நாளைக்குச் சொல்கிறேன்” என்று சொல்லி அனுப்பிவிட்டு இன்னொருவரிடம் கேட்கிறேன்.

கம்பெனியே இழுத்தடித்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். 2022 டிசம்பரில் மத்திய அரசு ரைட் டு ரிப்பேர் என்று ஒரு இணையதளமும் தொடங்கியிருக்கிறது. பல கம்பெனிகளின் சர்வீஸ், வாரண்டி, உதிரிபாக விவரமெல்லாம் அதில் ஒரே இடத்தில் கிடைக்கும்.

எனக்கு இப்போது கீசரின் மேலேயே மார்க்கரில் தேதி எழுதி வைக்கும் பழக்கம். ‘ராடு, ஏப்ரல் 2024’ என்று முதல் வரி. 2025 ஏப்ரலில் கழற்றியபோது ராடில் பாதி மிச்சம் இருந்தது, சுண்ணாம்பு ஒரு சொம்பு அளவுதான். புது ராடு போட்டு அதன் கீழே இரண்டாவது வரி எழுதினேன். அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து அதைப் படித்துவிட்டு, “ஃபிரிட்ஜ் மேலேயும் ஒண்ணு எழுதி வைம்மா” என்றார்கள். எழுதி வைத்திருக்கிறேன்.